ராஜினாமா கடிதம் டிராஃப்டில் இருக்கிறது, அனுப்பிவிடவா?

திருப்பூரிலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். தான் யாரென்று தெரியக் கூடாது என்று கேட்டிருப்பதால் சில விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

வயது 34. பின்னலாடை ஏற்றுமதி கம்பெனி ஒன்றில் 2018 ஜூன் மாதத்திலிருந்து மெர்ச்சண்டைசராக (ஆர்டர்களைப் பின்தொடர்ந்து முடித்துக் கொடுக்கும் பொறுப்பு) இருக்கிறார். மாதச் சம்பளம் 38,000 ரூபாய், அதில் பேசிக் 19,000. கணவர் தனியார் நிதி நிறுவனத்தில் வேலை செய்கிறார், கைக்கு வருவது 31,000. மகள் இரண்டாம் வகுப்பு, மகனுக்கு 14 மாதம். மாமனார் இல்லை. கூடவே இருக்கும் மாமியாருக்கு 64 வயது, இரண்டு முழங்காலிலும் தேய்மானம்.

காலை 4.45-க்கு எழுகிறார். இட்லிக்கு ஒரு சட்னி, மகளுக்கு வேறு டிபன், மதியத்துக்குக் குழம்பு, பையனுக்குக் கஞ்சி என்று முடித்து 8.20-க்கு ஸ்கூட்டியை எடுத்தால் திரும்பி வர இரவு 7.30. ஷிப்மெண்ட் வாரம் என்றால் பத்து மணிகூட ஆகும். பகலில் பையனைப் பார்ப்பது மாமியார். போன மாதம் பையன் வாசற்படியில் தடுமாறி விழுந்து புருவத்தில் மூன்று தையல். அன்றிலிருந்து வீட்டில் ஒரே பேச்சு: "ரெண்டு வருஷம் ஊட்ல இருந்தா என்ன கண்ணு, பையன் ஸ்கூலுக்குப் போகட்டும்." கணவரைக் கேட்டால் "உன்ற இஷ்டம்" என்கிறார்.

கம்பெனியிலும் நிம்மதி இல்லை. பிரசவ விடுப்பு முடிந்து வந்தபோது, ஐந்து வருடமாக அவர் பார்த்துவந்த ஐரோப்பிய பையரை (ஆடை வாங்கும் நிறுவனம்) ஜூனியர் ஒருவரிடம் கொடுத்திருந்தார்கள். இப்போது இவருக்கு பட்டன், லேபிள் போன்ற ட்ரிம்ஸ் ஃபாலோ-அப்பும் சாம்பிள் கூரியரும்தான். "கைக்குழந்தைக்காரிக்கு நைட் மெயில் எல்லாம் சரிப்படாது" என்றாராம் மேனேஜர். சம்பளம் குறையவில்லை, இன்க்ரிமெண்ட் மட்டும் வரவில்லை.

கடைசியில் கேள்விகளை அடுக்கியிருக்கிறார். வேலையை விடுவதா, வேண்டாமா? வீட்டிலிருந்தே வேலை பார்ப்பது சட்டப்படி என் உரிமை என்று ஒரு வீடியோவில் சொன்னார்களே, கேட்டு வாங்க முடியுமா? விடுப்பு முடிந்து ஒரு வருடத்துக்குள் ராஜினாமா செய்தால் ஆறு மாதச் சம்பளத்தையும் திருப்பிக் கட்ட வேண்டும் என்கிறார் ஹெச்.ஆர்., உண்மையா? நாத்தனார் அரசுப் பள்ளி ஆசிரியை, அவருக்கு ஒரு வருடம் விடுப்பு, எனக்கு ஆறே மாதம், ஏமாற்றிவிட்டார்களா? வேலையை விட்டால் பி.எஃப். பணத்தை எடுத்து வீட்டுக் கடனில் போட்டுவிடலாமா? வீட்டுக் கடனைப் பற்றி ஒரு வரிதான் எழுதியிருக்கிறார். 2022-ல் வாங்கிய வீடு, 22 லட்சம் கடன், தவணை 19,500, அது இவர் கணக்கிலிருந்து போகிறது, பத்திரம் கணவர் பெயரில்.

சகோதரி, அந்த ஒரு வரியைத்தான் நான் மறுபடி மறுபடி படித்தேன். மற்றதற்கெல்லாம் பதில் சொல்கிறேன். ஆனால் ராஜினாமா கடிதம் இப்போதைக்கு டிராஃப்டிலேயே இருக்கட்டும்.

யாரும் போடாத கணக்கு

நீங்கள் வேலையை விட வேண்டும் என்று மாமியார் சொல்கிறார், கணவர் மறுக்கவில்லை, நீங்களும் பாதி மனதுக்கு வந்துவிட்டீர்கள். சரி. விட்ட அடுத்த மாதம் ஐந்தாம் தேதி 19,500 ரூபாய் தவணையை யார் கட்டுவது? கணவரின் 31,000-ல் அது போனால் மிச்சம் 11,500. அதில் ஐந்து பேர் சாப்பிட வேண்டும், பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டும், மாமியாருக்கு மாத்திரை வாங்க வேண்டும். இந்தக் கழித்தலை உங்கள் வீட்டில் யாராவது வாய்விட்டுச் சொன்னார்களா? உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை.

நிதி நிறுவனத்தில் வேலை செய்பவருக்கு இந்தக் கணக்கு தெரியாமல் இருக்காது. அவர் கெட்டவர் என்று நான் சொல்லவரவில்லை, நீங்கள் எழுதியதைப் பார்த்தால் அப்படித் தெரியவும் இல்லை. "உன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டால் கணக்குப் போடும் வேலையும், நாளைக்குப் பணம் போதாமல் போனால் "நீதானே விட்டே" என்ற பழியும் உங்கள் பக்கம் வந்துவிடும். குடும்ப வழக்குகளில் இந்தச் சொல்லை நான் நிறையக் கேட்டிருக்கிறேன். பெருந்தன்மையாக ஒலிக்கும், ஆனால் முடிவெடுப்பதிலிருந்து நழுவுகிற பேச்சு அது.

ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிள்ளைகள் தூங்கிய பிறகு, நோட்டை எடுத்து வைத்து இருவரும் உட்காருங்கள். வரவு, தவணை, கட்டணம், மருந்து எல்லாவற்றையும் அவர் கையாலேயே எழுதச் சொல்லுங்கள். நீங்கள் எழுதி நீட்டினால் அது உங்கள் வாதமாகிவிடும். அவர் எழுதினால் அது இருவருடைய கணக்கு.

அதே நோட்டில் இன்னொரு பக்கம், காலை 4.45 முதல் இரவு படுக்கும் வரை எந்த வேலையை யார் செய்கிறார்கள் என்று எழுதுங்கள். "அவர் நல்லவர், முடிந்தபோது உதவி செய்வார்" என்று எழுதியிருக்கிறீர்கள். ஆனால் இரவு 7.30-லிருந்து பத்தரை வரை அவர் என்ன செய்கிறார் என்று எங்கேயும் இல்லை. மகளின் டைரியில் கையெழுத்துப் போடாததற்கு டீச்சர் சிவப்பு மையில் எழுதி அனுப்பியதைச் சொல்லி, "நான் ஒரு தாயா?" என்று கேட்டிருக்கிறீர்கள். டைரியில் அப்பா கையெழுத்துப் போட்டாலும் செல்லும். அந்தச் சிவப்பு மை உங்கள் இருவருக்கும் சேர்த்துத்தான்.

இது உங்கள் வீட்டில் மட்டும் நடப்பதல்ல. மத்திய அரசின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு, 2024-ல் நடந்தது, சொல்வது இது: சம்பளமில்லாத வீட்டு வேலைக்குப் பெண்கள் ஒரு நாளைக்கு 289 நிமிடம் செலவிடுகிறார்கள், ஆண்கள் 88 நிமிடம். இதுவும் வீட்டு வேலை செய்கிற ஆண்களை மட்டும் வைத்துப் போட்ட சராசரி. துரும்பைக்கூட நகர்த்தாதவர்கள் இந்த 88-க்குள் வரவே இல்லை.

அத்தை சொன்னதற்கு வேறு பொருள் இருக்கலாம்

மாமியார்மீது உங்களுக்கு வருத்தம் இருப்பது வரிக்கு வரி தெரிகிறது. "என் சம்பளம் வேண்டும், நான் வேலைக்குப் போவது மட்டும் பிடிக்கவில்லை" என்கிறீர்கள். அப்படியும் இருக்கலாம். ஆனால் 64 வயது, இரண்டு முழங்காலிலும் தேய்மானம், எதிரே நடக்கக் கற்றுக்கொண்டு ஓட ஆரம்பித்திருக்கும் 14 மாதப் பையன். குழந்தை விழுந்தபோது ஓடிப்போய்ப் பிடிக்க முடியாதவர் அவர்தான். தையல் போட்ட இடத்தை தினமும் பகலெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பவரும் அவர்தான். "நீ வேலையை விடு" என்று அவர் சொல்வது "என்னால் இதற்கு மேல் முடியவில்லை" என்பதாக இருக்கலாம். பல வீடுகளில் பெரியவர்களுக்கு அந்த வாக்கியம் வாயில் வராது. முடியவில்லை என்று ஒப்புக்கொள்வதைவிட மருமகளுக்குப் புத்தி சொல்வது அவர்களுக்குச் சுலபம்.

கேட்டுப் பாருங்கள். "பகல்ல இவனைப் பாத்துக்கறது கஷ்டமா இருக்குதுங்களா அத்தை?" என்று குத்தல் இல்லாமல் கேளுங்கள். ஆமாம் என்றால் பிரச்சினை உங்கள் வேலை அல்ல, பகலில் பதினொரு மணி நேரம் குழந்தையை யார் பார்ப்பது என்பதுதான். அதற்கு வழி இருக்கிறது, அதுவும் உங்கள் கம்பெனிக்குள்ளேயே. பாத்திரம் கழுவ, வீடு பெருக்க ஆள் வைப்பதைப் பற்றியும் அப்போதே பேசிவிடுங்கள். "ஆள் வெச்சா நாலு பேரு என்ன சொல்லுவாங்க" என்று ஏற்கெனவே ஒரு முறை தடுத்துவிட்டாராம். அந்த நாலு பேரில் யாரும் உங்கள் தவணையைக் கட்டப் போவதில்லை.

கம்பெனியிடம் கேட்கக்கூடியதும் கேட்க முடியாததும்

முதலில் தவறான நம்பிக்கைகளை நீக்கிவிடுகிறேன்.

வீட்டிலிருந்து வேலை செய்வது உரிமை அல்ல. மகப்பேறு பயன் சட்டத்தின் 2017 திருத்தம் சொல்வது, வேலையின் தன்மை இடம்கொடுத்தால், பிரசவ விடுப்புக்குப் பிறகு முதலாளியும் ஊழியரும் பேசி ஒப்புக்கொண்டபடி அனுமதிக்கலாம் என்பதுதான். கேட்கலாம், அவர்கள் மறுக்கவும் செய்யலாம். அதனால் மொட்டையாக "ஒர்க் ஃப்ரம் ஹோம் வேண்டும்" என்று எழுதாதீர்கள். ஃபேக்டரியில் உடல் இருந்தே ஆக வேண்டிய வேலை எது, மெயிலும் போனும் போதுமான வேலை எது என்று நீங்களே பிரித்து, வாரத்தில் இந்த இரண்டு நாள் மாலை 5 மணிக்குமேல் வீட்டிலிருந்து பார்க்கிறேன், மூன்று மாதம் முயன்று பார்ப்போம் என்று எழுதுங்கள். குறிப்பான கோரிக்கையை மறுக்க அவர்களும் குறிப்பான காரணம் தேட வேண்டியிருக்கும்.

நாத்தனாருக்கு ஒரு வருடம் கிடைத்ததும் உங்களுக்கு ஆறு மாதம் கிடைத்ததும் இரண்டுமே சரிதான். தமிழ்நாடு அரசு தன் ஊழியர்களுக்கு மகப்பேறு விடுப்பை 2021 ஜூலை 1 முதல் 12 மாதமாக உயர்த்தியது. தனியார் நிறுவனங்களுக்கு 2025 நவம்பர் வரை பொருந்தியது 1961-ம் ஆண்டு மகப்பேறு பயன் சட்டம், இப்போது அதே விதிகள் 2020 சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் இருக்கின்றன. 2017 திருத்தத்துக்குப் பிறகு முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம். யாரும் உங்களை ஏமாற்றவில்லை. நியாயமா என்று கேட்டால், ஒரே வீட்டில் பிறந்த இரண்டு குழந்தைகளின் தாய்ப்பாலுக்கு இரண்டு கணக்கு என்பது எனக்கும் உறுத்தத்தான் செய்கிறது. ஆனால் இன்றைய சட்டம் அதுதான்.

விடுப்புச் சம்பளத்தைத் திருப்பிக் கட்ட வேண்டும் என்று ஹெச்.ஆர். சொன்னது வெறும் மிரட்டல். அப்படி ஒரு விதி அந்தச் சட்டத்தில் இல்லை. வேலையில் சேர்ந்தபோது கையெழுத்துப் போட்ட தாளில் அப்படி ஏதாவது வரி இருந்தாலும், சட்டம் தரும் பயனுக்கு முரணான ஒப்பந்தம் அந்த அளவுக்குச் செல்லாது. வாய்மொழியாகத்தான் சொன்னார் என்கிறீர்கள். "இதை மெயிலில் அனுப்புங்கள் சார்" என்று கேளுங்கள். வராது.

பையரை மாற்றிக் கொடுத்த விஷயம் கொஞ்சம் சிக்கலானது. ஒரு பெண் பிரசவ விடுப்பில் இருக்கும்போது அவருடைய பணி நிபந்தனைகளை அவருக்குப் பாதகமாக மாற்றக் கூடாது என்று சட்டம் சொல்கிறது. நியாயம் உங்கள் பக்கம் இருக்கிறது. ஆனால் சம்பளமும் பதவிப் பெயரும் அப்படியே இருக்க, பையர் ஒதுக்கீட்டை மாற்றியது "பணி நிபந்தனை" மாற்றமா, அன்றாட வேலைப் பங்கீடா என்று கம்பெனி வாதாடும். நீங்கள் திரும்பி வந்து ஒன்பது மாதமாகிவிட்டது, எழுத்தில் ஒரு எதிர்ப்பும் இல்லை. இதை வைத்து இன்றே வழக்குக்குப் போகச் சொல்ல மாட்டேன். அந்தப் பையருடன் ஐந்து வருடம் செய்த ஆர்டர்கள், நேரத்துக்கு அனுப்பிய ஷிப்மெண்ட்கள் ஆகியவற்றைக் குறிப்பிட்டு, எந்த அடிப்படையில் பொறுப்பு மாற்றப்பட்டது, இன்க்ரிமெண்ட் ஏன் இல்லை என்று பணிவாக ஒரு மெயில் அனுப்புங்கள். மேனேஜர் சொன்ன வாக்கியத்தையும், சொன்ன தேதி நினைவிருந்தால் அதையும் சேர்த்து அப்படியே எழுதுங்கள். பதில் எப்படி வந்தாலும் அந்த மெயில் உங்கள் கையில் ஒரு ஆவணம்.

இனி உங்கள் கையில் இருந்தும் நீங்கள் பயன்படுத்தாத ஒன்று. கம்பெனியில் ஏறக்குறைய 400 பேர் என்று எழுதியிருக்கிறீர்கள். 50 அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் நிறுவனத்தில் குழந்தைகள் காப்பகம் கட்டாயம். குழந்தையைப் பார்க்க ஒரு நாளைக்கு நான்கு முறை போய்வர அனுமதிக்கவும் வேண்டும். இதை நீங்கள் கேட்கவே இல்லை. காரணம் கடிதத்தில் அடைப்புக்குறிக்குள் இருக்கிறது: "கிரச் ரூம் ஒன்று இருக்கிறது, அது டெய்லர்களுக்கு, ஸ்டாஃபுக்குக் கிடையாது, ஆடிட் வந்தால் திறந்து பொம்மை அடுக்குவார்கள்."

திருப்பூரில் வேலை பார்த்த யாருக்கும் அந்த அறையைத் தெரியும். சுவரில் மிக்கி மவுஸ் படம், பிளாஸ்டிக் உறை கிழிக்காத பொம்மை, மூலையில் ஒரு தொட்டில், அதன்மேல் அட்டைப்பெட்டி. பையரின் ஆள் செடெக்ஸ் ஆடிட், எஸ்.ஏ. 8000 ஆடிட் என்று தொழிலாளர் நலனைச் சோதிக்க வரும்போது மட்டும் பூட்டு திறக்கும். ஆனால் டெய்லருக்கு மட்டும், ஸ்டாஃபுக்குக் கிடையாது என்று சட்டத்தில் எங்கும் இல்லை. மத்திய அரசு 2018-ல் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகள் ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையிலான குழந்தைகள் என்றும், தற்காலிகப் பணியாளர் உட்பட எல்லா ஊழியர்களின் குழந்தைகளும் என்றும் தெளிவாகச் சொல்கின்றன. இந்த உரிமைகள் இப்போது 2020 சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் வந்துவிட்டன. 2025 நவம்பர் 21 முதல் அது நடைமுறையில் இருக்கிறது, 50 பேர் என்ற வரம்பும் நான்கு முறை என்ற அனுமதியும் மாறவில்லை.

கோரிக்கையைத் தனியாக வைக்காதீர்கள். தையல் பிரிவிலும் செக்கிங்கிலும் கைக்குழந்தையை ஊரில் அம்மாவிடம் விட்டுவிட்டு வந்து வேலை செய்கிற பெண்கள் நிச்சயம் நாலைந்து பேராவது இருப்பார்கள். அவர்களோடு சேர்ந்து கையெழுத்துப் போட்டுக் கேளுங்கள். பயிற்சி பெற்ற ஆயா வேண்டும், அறை தினமும் திறந்திருக்க வேண்டும், சுத்தமான தண்ணீரும் கழிப்பறையும் வேண்டும். ஆடிட்டரிடம் சொல்லிவிடுவேன் என்ற பேச்சே எடுக்க வேண்டாம். மெர்ச்சண்டைசர் கேட்கிறார் என்றாலே அவர்களுக்குப் புரியும். அசைந்து கொடுக்கவில்லை என்றால் திருப்பூரிலுள்ள தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதாரத் துறை அலுவலகத்தில் எழுத்து மூலம் புகார் கொடுக்கலாம். ஆயா சரியாக அமையும்வரை பையனை அங்கே விடாதீர்கள், அது வேறு விஷயம்.

இன்னும் இரண்டு சின்ன விஷயம். குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை பாலூட்ட நாளைக்கு இரண்டு இடைவேளை உண்டு. உங்களுக்கு அதில் மிச்சம் ஒரு மாதம்தான், இருந்தாலும் கேட்டு வாங்குங்கள். அப்புறம், இரவு 7 மணிக்குமேல் பெண்ணை வேலையில் இருத்த அவருடைய சம்மதம் வேண்டும், பாதுகாப்புக்கு முதலாளி பொறுப்பு. ஷிப்மெண்ட் வாரங்களில் பத்து மணி வரை இருந்துவிட்டுத் தனியாக ஸ்கூட்டியில் வருகிறீர்கள். குறைந்தபட்சம் கம்பெனி வண்டியாவது கேளுங்கள்.

பத்திரம் யார் பெயரில்?

"நான்தானே கட்டுகிறேன், அதனால் வீட்டில் பாதி எனக்குத்தான்" என்று எழுதியிருக்கிறீர்கள். இல்லை. நீங்கள் கடனில் இணை விண்ணப்பதாரர், அவ்வளவுதான். கடன் தவறினால் வங்கி உங்களையும் பிடிக்கும். ஆனால் வீடு யாருடையது என்பதைப் பத்திரம்தான் சொல்லும், அதில் உங்கள் பெயர் இல்லை. பொறுப்பில் பங்கு, உரிமையில் பங்கு இல்லை என்ற நிலையில் இருக்கிறீர்கள்.

2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு முக்கியமான தீர்ப்புச் சொன்னது. கணவர் வெளிநாட்டில் சம்பாதித்தார், மனைவி ஊரில் வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டார். அந்த வீட்டுப் பணியும் சொத்து வாங்குவதில் அவர் செய்த பங்களிப்புதான் என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. சந்தோஷமான தீர்ப்பு. ஆனால் அதை நம்பிச் சும்மா இருக்காதீர்கள். ஒவ்வொரு வழக்கும் அதன் சாட்சியங்களைப் பொறுத்தது, அந்தக் குடும்பம் நீதிமன்றப் படியேறி இறங்கியது வருடக் கணக்கில். நல்லுறவு இருக்கும்போது பதிவு அலுவலகத்தில் ஒரு நாளில் முடிகிற காரியத்தைப் பிணக்கு வந்தபிறகு நீதிமன்றத்தில் தேடுவானேன்?

கணவர் வீட்டில் பாதிப் பங்கை உங்களுக்கு செட்டில்மெண்ட் பத்திரமாக (விலை வாங்காமல் சொத்தை மாற்றித் தரும் பத்திரம்) எழுதிக் கொடுக்கலாம். தமிழ்நாட்டில் குடும்பத்துக்குள் எழுதும் செட்டில்மெண்டுக்கு முத்திரைத் தீர்வை ஒரு சதவீதம், உச்சவரம்பு 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் ஒரு சதவீதம், உச்சவரம்பு 10,000. 2023 ஜூலையில் உயர்த்தப்பட்ட தொகை இது. மூலப் பத்திரம் வங்கியில் இருப்பதால் முதலில் வங்கியிடம் தடையின்மைக் கடிதம் வாங்க வேண்டும். இருவருமே கடனாளிகள் என்பதால் பெரும்பாலும் சிக்கல் வராது.

இதைக் கேட்டால் சந்தேகப்படுவதாக நினைப்பாரே என்று தயங்குவீர்கள். நிதி நிறுவனத்தில் இருப்பவர், அடமானமில்லாமல் யாருக்கும் பணம் கொடுக்காத தொழில் அவருடையது. கோபித்துக்கொள்வதற்கு முன் அவருக்கே புரியும். ஒருவேளை மறுத்தால், தவணையைப் பாதிப் பாதியாக இரண்டு கணக்கிலிருந்தும் போகும்படி மாற்றுங்கள், இதுவரை கட்டியதற்கான வங்கி அறிக்கைகளை எடுத்துப் பத்திரமாக வையுங்கள். எதையும் பேசாமல், பத்திரமும் மாற்றாமல், வேலையையும் விடுவது என்பது மட்டும் வேண்டாம். நீங்கள் யோசிக்கும் வழிகளிலேயே எனக்கு அதிகம் பயம் தருவது அதுதான்.

டாக்டரைப் பாருங்கள்

தூக்கம் வரவில்லை, படபடப்பு, முடி கொட்டுகிறது, காரணமில்லாமல் அழுகை வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். நான் வக்கீல், மருத்துவம் பேச எனக்குத் தகுதியில்லை. ஆனால் பிரசவத்துக்குப் பிறகு ரத்தசோகையும் தைராய்டு கோளாறும் இப்படிப் படுத்தும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். மனச்சோர்வும் குழந்தை பிறந்த உடனே வர வேண்டும் என்றில்லை. ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள், மகப்பேறு மருத்துவரிடம் இதையெல்லாம் மறைக்காமல் சொல்லுங்கள். யாரிடமும் முகம் பார்த்துப் பேசத் தோன்றவில்லை என்றால் அரசின் மனநல உதவி சேவையான டெலி-மானஸ் 14416 என்ற எண்ணில் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம். ராஜினாமா பற்றிய முடிவு அதற்குப் பிறகுதான்.

விட்டே ஆக வேண்டும் என்றால்

எல்லாம் பேசிப் பார்த்து, கணக்கும் போட்டுப் பார்த்து, "ஆமாம், ரெண்டு வருஷம் பிள்ளையோடு இருக்கத்தான் ஆசை" என்று உங்களுக்கே தோன்றினால் அதில் தவறே இல்லை. அலுப்பில் விடுவது வேறு, ஆசைப்பட்டு விடுவது வேறு. அப்போதும் முதலில் மூன்று மாதம் லாஸ் ஆஃப் பே (சம்பளமில்லாத) விடுப்பு கேளுங்கள். ஒரு சம்பளத்தில் வீடு ஓடுமா என்பது அந்த மூன்று மாதத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். இன்னொரு பக்கம், பையிங் ஹவுஸ்களில் (பையர்களுக்காக ஆர்டர்களை ஏற்பாடு செய்யும் அலுவலகங்கள்) விசாரியுங்கள். இரவு நேரம் குறைவான இடங்கள் உண்டு, உங்கள் ஐந்து வருட ஐரோப்பிய பையர் அனுபவத்துக்கு இன்றைக்கு மதிப்பு இருக்கிறது. இரண்டு வருட இடைவெளிக்குப் பிறகு அதே மதிப்பு இருக்கும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். தொடர்புகள்தான் உங்கள் தொழிலின் முதல், அவை இரண்டு வருடம் காத்திருக்காது.

பண விஷயம். பிரசவ விடுப்பு ஆறு மாதம் கிராஜுவிட்டிக்கு (வேலையை விடும்போது தரும் பணிக்கொடை) சேராது என்று யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். சேரும். 26 வாரமும் தொடர்ச்சியான பணிதான். 2018 ஜூன் முதல் இப்போது ஏழரை வருடத்தைத் தாண்டிவிட்டீர்கள். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட மிச்சம் முழு ஆண்டாக எண்ணப்படும் என்பதால் கணக்கு எட்டு வருடம். பேசிக்கை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, எட்டால் பெருக்கினால் சுமார் 87,700 ரூபாய். இதை விட்டுவிட்டு வந்துவிடாதீர்கள்.

பி.எஃப். பணத்தைத் துடைத்தெடுத்துக் கடனில் போடும் யோசனை எனக்குப் பிடிக்கவில்லை. உங்கள் பெயரில் இருக்கும் ஒரே சேமிப்பை எடுத்து, உங்கள் பெயரில் இல்லாத வீட்டில் போடுவதாகிவிடும். பத்திரம் மாறாதவரை ஒரு ரூபாயும் போடாதீர்கள். இன்னொன்று, பி.எஃப். ஓய்வூதியத்துக்குப் பத்து வருடப் பணி வேண்டும். பென்ஷன் பகுதியையும் சேர்த்து எடுத்துவிட்டால் இதுவரை செய்த பணிக்காலம் அழிந்துவிடும். எடுக்காமல் ஸ்கீம் சர்டிஃபிகேட் (பென்ஷனுக்கான பணிக்காலத்தைக் காட்டும் சான்று) வாங்கி வைத்துக்கொண்டால், பிறகு எந்தக் கம்பெனியில் சேர்ந்தாலும் இந்த வருடங்கள் கூடச் சேரும்.

ராஜினாமா கடிதத்தில் "சொந்தக் காரணங்களுக்காக" என்று எழுதச் சொல்வார்கள். பொறுப்பு மாற்றமும், காப்பகம் இல்லாததும், வராத இன்க்ரிமெண்டும் காரணம் என்றால் அதையே இரண்டு வரியில் எழுதுங்கள். நோட்டீஸ் காலத்தை ஒழுங்காக முடியுங்கள், ரிலீவிங் கடிதமும் அனுபவச் சான்றும் கையில் வாங்குங்கள். வேலையை விட்ட இரண்டு வேலை நாளுக்குள் பாக்கிச் சம்பளமும், 30 நாளுக்குள் கிராஜுவிட்டியும் வர வேண்டும். கிராஜுவிட்டிக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரையுடன் நகல் வாங்குங்கள். இழுத்தடித்தால் வக்கீல் வைக்கப் பணம் வேண்டுமே என்று யோசிக்க வேண்டாம். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம், அல்லது 15100 என்ற எண்ணில் கூப்பிடலாம். போகும்போது நியமன உத்தரவு, கடைசி மூன்று மாத சம்பளச் சீட்டு, விடுப்பு அனுமதித்த மெயில், வீட்டுப் பத்திரத்தின் நகல் நான்கையும் கொண்டுபோங்கள்.